பேச இயலாத குழந்தையின் வலி: மூளை முடக்குவாதமுள்ள ஒரு சிறுமியின் மருத்துவமனைப் பராமரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

நுரையீரல் அழற்சிக்காக வேலூரிலுள்ள ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் சேர்க்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு, காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தணிந்த பின்னும் அழுகை மட்டும் தணியவில்லை. இடது தொடையெலும்பின் கீழ்முனையில் ஏற்பட்டிருந்த முறிவே அதற்குக் காரணம் என்பது, சேர்க்கப்பட்ட ஐந்தாம் நாளில்தான் தெரியவந்தது. நடக்கவோ பேசவோ இயலாத, கைகால்கள் நான்கும் இறுகிய ஒரு குழந்தையின் வலி அத்தனை நாள் ஏன் கண்ணுக்குப் படாமல் இருந்தது, அதை வெளிக்கொணர்ந்தது எது, அதன்பின் பராமரிப்பு எவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது என்பனவற்றைச் செவிலியர் நோக்கில் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய குழந்தைகள் சிலரைப் பராமரித்த அனுபவங்களை ஒன்றிணைத்து இது எழுதப்பட்டுள்ளது. எந்தக் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

சிறுமியின் குடும்பம் குடியாத்தத்தை அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்தது. தந்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். தாய் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். தாயின் கைகள் வேலையில் இருக்கும் நேரமெல்லாம் சிறுமி தந்தைவழிப் பாட்டியின் மடியில்தான் இருப்பாள். வீட்டில் அனைவரும் அவரை ஆயா என்றே அழைத்ததால் வார்டிலும் அவர் ஆயாவாகவே அறியப்பட்டார்.

பிறந்தவுடன் அழாததும், முதல் வாரத்திலேயே ஃபிட்ஸ் வந்ததும் பழைய சிகிச்சைச் சீட்டுகளில் பதிவாகியிருந்தன. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் வகைப்பாட்டில் அவள் ஐந்தாம் நிலையில் இருந்தாள். அதாவது, தலையைக்கூடத் தானாக நிமிர்த்தி நிறுத்த இயலாமல், எல்லா அசைவுக்கும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலை. ஃபிட்ஸுக்கான ஃபீனோபார்பிட்டோன் மருந்தைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே உட்கொண்டு வந்தாள். எடை 14 கிலோ இருந்தது. முழங்கால்கள் மடங்கி இறுகியிருந்ததால் உயரத்தை நேராக அளக்க முடியவில்லை. இத்தகைய குழந்தைகளுக்கு முழங்கால் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, 2.69 ஆல் பெருக்கி, 24.2 ஐக் கூட்டி உயரத்தை மதிப்பிடுவது வழக்கம். அவளுக்கு அது 32 செ.மீ. இருந்ததால் உயரம் ஏறத்தாழ 110 செ.மீ. எனக் கணக்கிடப்பட்டது. அந்த உயரத்துக்கு 14 கிலோ என்பது மிகவும் குறைவு. மூளை முடக்குவாதம் என்றால் இப்படித்தான் மெலிந்திருக்கும் என்று கடந்து போகாமல், மெலிவைத் தனியொரு சிக்கலாக எழுதி வைத்தது பின்னர் பயன்பட்டது.

சேர்க்கை

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு, வழக்கம்போல அந்த ஆண்டும் அவளைத் தூக்கிச் சென்றிருந்தனர். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. உள்ளூரில் ஊசி போட்டும் குறையாததால் வேலூருக்குக் கொண்டுவந்தனர். வந்தபோது ஆக்சிஜன் அளவு 88 விழுக்காடும், மூச்சு நிமிடத்துக்கு 46 ஆகவும் இருந்தன. வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சளி ஒலி கேட்டது. உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கியதால் ஏற்பட்ட அழற்சி எனக் கருதி, ஆக்சிஜனும் நரம்புவழி நுண்ணுயிர்க்கொல்லியும் தொடங்கப்பட்டன. வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டு, மூக்குவழி உணவுக்குழாய் போடப்பட்டது.

வாய்வழி எதுவும் வேண்டாம் என்ற ஒற்றை வரியால் ஃபிட்ஸ் மருந்தும் சேர்ந்து நின்றுபோவது வார்டுகளில் நேரக்கூடிய ஆபத்து. இங்கே அது குழாய்வழி தடையின்றிக் கொடுக்கப்பட்டது. இன்னொன்று, அவசரப் பிரிவில் வலது கையில் டிரிப் போட்டுப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வலது கையைச் சற்றே உயர்த்துவதுதான் ‘இன்னும் வேண்டும்’ என்பதற்கு அவளிடமிருந்த ஒரே குறி என்று தாய் சொன்னதும், டிரிப் இடது கைக்கு மாற்றப்பட்டது. இது கட்டுப் போடும் வேலைதான். ஆயினும் பேச இயலாத குழந்தைக்கு நரம்பு தேடும் முன் எந்தக் கையால் பேசுகிறாள் என்று கேட்பது செவிலியப் பணியின் ஒரு படியாகவே கொள்ளத்தக்கது.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஆக்சிஜன் இல்லாமலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றது. மருத்துவக் குறிப்பின்படி குழந்தை தேறிக்கொண்டிருந்தாள்.

அழுகை

அதே நான்கு நாள்களின் செவிலியர் குறிப்புகளைப் புரட்டினால் வேறொரு கதை இருந்தது. ‘குழந்தை எரிச்சலாக உள்ளது’, ‘தேற்ற முடியவில்லை’, ‘இரவு முழுதும் உறங்கவில்லை’ என்று ஒவ்வொரு பணிமுறையிலும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஏன் என்ற கேள்வி எங்கும் எழுதப்படவில்லை. தசை இறுக்கத்தால் அழுகிறாள், புது இடம் என்பதால் அழுகிறாள், மூக்குக் குழாய் உறுத்துகிறது, வெயில் தாங்கவில்லை எனச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாமே நம்பத்தக்கவை என்பதுதான் சிக்கல். அக்கினி நட்சத்திர நாள்களில் வேலூர் வார்டில் எந்தக் குழந்தைதான் அமைதியாக உறங்கும்? தூங்குவதற்கு ஏதேனும் மருந்து எழுதலாமா என்ற பேச்சும் எழுந்தது.

இயலாமையுள்ள ஒருவரின் புதிய அறிகுறியைப் பழைய இயலாமையின் கணக்கிலேயே எழுதிவிடும் போக்கை, 1982 இல் ஸ்டீவன் ரைஸும் அவர் சகாக்களும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடையே மனநோய் கண்டறியப்படாமல் போவதைக் குறித்து எழுதியபோது ‘நோயறிதல் மறைப்பு’ (diagnostic overshadowing) எனப் பெயரிட்டுச் சுட்டினர். பிறகு அது உடல் நோய்களுக்கும் பொருந்துவது உணரப்பட்டது. இதில் அலட்சியம் மட்டுமே வேலை செய்வதாக நான் கருதவில்லை. இரக்கமும் வேலை செய்கிறது. படுக்கையருகே நின்று ‘பாவம், இதுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று உச்சுக்கொட்டிச் செல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஆனால் ஒன்றும் தெரியாது என்ற அந்த முடிவு, வலியும் தெரியாது என்ற முடிவுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்படிப்பட்ட இரக்கத்தின் கீழ் ஒரு குழந்தை முறிந்த எலும்புடன் நாள்கணக்கில் படுத்திருக்க முடியும்.

திருப்பம் ஆயாவின் வாய்மொழியில் வந்தது. காலைப் பணிமுறையில் டயப்பர் மாற்ற வந்த செவிலியரிடம் அவர் சொன்னார்: “இது இவ எப்பவும் அழுவுற அழுவ இல்ல கண்ணு. பசிச்சா ராகம் போட்டு அழுவும். இது மூச்ச புடிச்சுகினு அப்புறமா வீல்னு கத்துது. இன்னாமோ நோவுது அதுக்கு.”

அந்தச் செவிலியர் செய்தது எளியது. “எங்க நோவுதுன்னு நினைக்கிறீங்க ஆயா? நோவும்போது இவ வேற என்னல்லாம் செய்வா?” என்று கேட்டு, பதிலை அப்படியே தாளில் எழுதினார். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வது, மூச்சைப் பிடித்துப் பின் அலறுவது, விழிகள் ஒரு பக்கமாக நிலைத்துவிடுவது, வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வது என்பவை வலியின் குறிகளாகவும், கால்களை விறைத்து நீட்டுவது எப்போதும் உள்ளதாகவும் அத்தாளில் பதிவாயின.

இவ்வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்குச் சிறிது விளக்கம் தேவை. வார்டுகளில் பரவலாகப் பயன்படும் ‘ஃப்ளாக்’ வலி அளவுகோல் 1997 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேறும் தன்மை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, மொத்தம் 10 க்குக் கணக்கிடுவது அதன் முறை. எந்நேரமும் கால் விறைத்திருக்கும் குழந்தைக்கு இதை அப்படியே போட்டால் வலி இல்லாதபோதும் மதிப்பெண் ஏறும். அதனால் செவிலியர்கள் நாளடைவில் அந்த எண்ணை நம்ப மாட்டார்கள். வலி வந்தால் மூச்சைப் பிடித்து அடங்கிப்போகும் குழந்தைக்கோ அது குறைத்தே காட்டும். எனவே 2006 இல் வெளியான திருத்தப்பட்ட வடிவத்தில், குழந்தைக்கே உரிய வலிக் குறிகளைப் பெற்றோரிடம் கேட்டு ஒவ்வொரு கட்டத்திலும் சேர்க்க இடம் தரப்பட்டது. அந்த வடிவம் வார்டில் ஏற்கெனவே இருந்தது. சேர்க்கை நாளில் நிரப்ப வேண்டிய பகுதி மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது.

ஆயா சொன்ன குறிகளைச் சேர்த்து அன்று பகல் முழுவதும், ஒவ்வொரு பராமரிப்பின்போதும் மதிப்பிடப்பட்டது. அசையாமல் படுத்திருக்கையில் 2. முகம் துடைக்கும்போதும், குழாய்வழி பால் கொடுக்கும்போதும், சளி உறிஞ்சிய சற்று நேரம் கழித்தும் 3 க்கு மேல் போகவில்லை. டயப்பருக்காகக் கால்களை விலக்கும்போது மட்டும் 8 க்கு ஏறியது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 112 இலிருந்து 158 ஆனது. அடங்க இருபது நிமிடம் பிடித்தது. மூக்குக் குழாயும் வெயிலும் இந்த வரிசையை உண்டாக்க முடியாது. இவ்வகைக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு விலகுவது சாதாரணம் என்பதால் முதல் ஐயம் அதன்மேல்தான் விழுந்தது. ஆனால் இரு தொடைகளையும் நாடாவால் அளந்தபோது இடது முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்றரை சென்டிமீட்டர் பெருத்தும், தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருந்தது. மதிப்பெண் தாளுடன் மருத்துவரை அழைத்தபோது, ‘குழந்தை அழுகிறது’ என்ற வாக்கியத்துக்குக் கிடைக்காத கவனம் அந்த எண்களுக்குக் கிடைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். எக்ஸ்ரேயில் விலகாத முறிவும், சுற்றிலும் மெலிந்து அடர்த்தி குறைந்த எலும்பும் தெரிந்தன.

தாயிடம் கேட்கப்பட்ட கேள்வி

உடலின் பாரத்தை ஒருநாளும் தாங்காத எலும்பு திடம் பெறுவதில்லை. ஃபீனோபார்பிட்டோன் போன்ற மருந்துகள் உடலில் வைட்டமின் டி யை விரைவாகச் சிதைக்கின்றன. வெளியே வெயிலில் இருக்கும் நேரமும், உணவில் கிடைக்கும் பாலும் குறைவு. இவை சேர்ந்தால் உடை மாற்றும்போதோ, இறுகிய மூட்டை நீட்டும் பயிற்சியின்போதோ, கூட்டத்தில் தூக்கிச் செல்லும்போதோ எலும்பு முறியலாம். முழங்காலை ஒட்டிய தொடையெலும்பின் கீழ்முனை அதற்கு மிகவும் இலக்காகும் இடம்.

எக்ஸ்ரே வந்ததும் வார்டின் நடுவே, மற்ற தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்க, “கீழ போட்டுட்டீங்களா?” என்று தாயிடம் கேட்கப்பட்டது. அவர் பதில் சொல்லவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவுமில்லை. குழந்தையைத் தொடவும் தயங்கினார்.

இதில் இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இயலாமையுள்ள குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் ஏறத்தாழ 3.7 மடங்கு என்று 2012 இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே, எலும்பு மெலிவு என்ற விளக்கம் கைவசம் இருப்பதாலேயே கேள்வியைத் தவிர்த்துவிட முடியாது. தவிர்ப்பதும் அக்குழந்தையைக் கைவிடுவதே. அதே வேளையில், ஒன்பது ஆண்டுகள் இரவுபகலாகப் பார்த்துக்கொண்ட ஒருவரைப் பலர் முன் குற்றவாளியாக நிறுத்துவது விசாரணையும் ஆகாது, பரிவும் ஆகாது. மறுநாள் வார்டுப் பொறுப்புச் செவிலியரும் சமூகப் பணியாளரும் தனியறையில் தாயையும் ஆயாவையும் தனித்தனியே சந்தித்து, முறிவு கண்ட எந்தக் குழந்தையின் குடும்பத்திடமும் கேட்கும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டனர். உடலில் வேறு காயங்களோ பழைய முறிவுகளோ இல்லை. இருவர் சொன்னதும் ஒத்திருந்தது. திருவிழாவன்று பேருந்தில் நெரிசலில் இறங்கியபோது கால் எங்கோ மாட்டி இழுபட்டதாக ஆயா நினைவுகூர்ந்தார். அதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. முறிவு வார்டில் படுக்கை மாற்றும்போது ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் செவிலியர் தாயிடம் மறைக்காமல் சொன்னார். “அப்போ என்மேல தப்பில்லையா சிஸ்டர்?” என்று தாய் கேட்டது அதற்குப் பின்தான். எலும்பு எப்படி மெலிகிறது என்பதை எக்ஸ்ரே படத்தையே காட்டி விளக்கியபோது தந்தையும் உடனிருந்தார்.

மாற்றியமைக்கப்பட்ட பராமரிப்பு

இடது காலுக்கு நன்கு பஞ்சு வைத்த மாவுக்கட்டு ஸ்லாப் போடப்பட்டது. பாராசிட்டமால், எடைக்கு ஏற்றவாறு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 210 மில்லிகிராம் என எழுதப்பட்டது. செவிலியர் தரப்பில் செய்த மாற்றம் அதன் நேரத்தில்தான் இருந்தது. கடிகாரப்படி ஆறு மணிக்கொருமுறை கொடுத்துவிட்டு, துடைத்தலையும் டயப்பரையும் வேறொரு நேரத்தில் செய்வதை விடுத்து, மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து எல்லாப் பராமரிப்பையும் ஒன்றாகச் செய்யும்படி அட்டவணை திருத்தப்பட்டது. புரட்டுவது எப்போதும் இருவராக. ஒருவர் ஸ்லாப் போட்ட காலை முழு நீளத்துக்கும் தாங்க வேண்டும். குதிகால் படுக்கையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் மடித்த துணி வைக்கப்பட்டது. வியர்வையில் ஸ்லாப்பின் விளிம்பு தோலை அறுக்கும் என்பதால் விளிம்புகளும் விரல்களின் நிறமும் சூடும் ஒவ்வொரு பணிமுறையிலும் பார்க்கப்பட்டன. கட்டு இறுக்குகிறது என்று சொல்ல அவளால் முடியாது. அவளுக்கு அந்தத் தாளிலுள்ள குறிகளே வாய்.

குரல்களுக்கு அவள் பெரிதாக முகம் கொடுப்பதில்லை. ஆனால் பம்பை ஒலிக்கு அடங்குவாள் என்று ஆயா சொன்னார். வார்டில் பம்பைக்கு எங்கே போவது? ஆயா எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து இரு விரல்களால் அந்த அடியைத் தட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தனர். ரத்தம் எடுக்கும்போது அந்தத் தட்டலோடு எடுத்ததில் மதிப்பெண் 4 ஐத் தாண்டவில்லை. முந்தைய முறை 7. ஒரே ஒரு முறையை வைத்து எதையும் நிறுவ முடியாதெனினும், விலையில்லாத ஒன்றை மீண்டும் செய்து பார்க்க அதுவே போதுமானது.

உணவைப் பற்றிய பேச்சு இவ்வளவு சுமுகமாக அமையவில்லை. வீட்டில் அவளை மடியில் மல்லாத்திக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டுவது வழக்கம். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்கிறது; கஞ்சி அதற்குள் இறங்குவது எளிதாகிறது. முதுகை நிமிர்த்தி, தலையை நடுவில் நிறுத்தி, தாடையைச் சற்றே தாழ்த்தி, தட்டையான சிறு கரண்டியால் ஊட்டி, அரை மணி நேரமாவது நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருக்கும் முறை தாய்க்கும் ஆயாவுக்கும் செய்து காட்டப்பட்டது. ஆனால் விழுங்கும் திறனைச் சோதித்த சிகிச்சையாளர், முழு உணவையும் வாய்வழி கொடுப்பது பாதுகாப்பானதன்று எனக் கருதி, வயிற்றில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். தாய் மறுத்தார். சாப்பாட்டின் ருசி ஒன்றுதான் அவளுக்குள்ள சந்தோஷம், அதையும் எடுத்துவிடுவதா என்பது அவர் கேள்வி. இதை அறியாமை என்று எழுதி மூடுவது எளிது. மருத்துவ நோக்கில் பரிந்துரை சரியானது. தாயின் கேள்வியும் சரியானது. கடைசியில், இப்போதைக்கு மூக்குக் குழாய்வழி உணவும், நாளுக்கு ஓரிரு முறை ருசிக்காக மட்டும் சில கரண்டி கெட்டியான கஞ்சியும் என்று சிகிச்சையாளர் வகுத்த வழியில் இரு தரப்பும் உடன்பட்டன. அந்தச் சில கரண்டிகளின்போது அவள் வலது கை உயர்வதைச் செவிலியர்களும் பார்த்தனர்.

பரிவு குறித்து

கிறிஸ்டன் ஸ்வான்சன் 1991 இல் முன்வைத்த செவிலியப் பரிவுக் கோட்பாடு அறிதல், உடனிருத்தல், செய்துதருதல், இயலச்செய்தல், நம்பிக்கையைக் காத்தல் என ஐந்து செயல்களைச் சொல்கிறது. செவிலிய மாணவியருக்குப் பரிவைக் கற்பிக்கும்போது நாம் உடனிருத்தலையே பெரிதும் புகழ்கிறோம்: கையைப் பற்றுவது, தலையை வருடுவது, புன்னகைப்பது. அவை வேண்டியவையே. ஆனால் இச்சிறுமியின் தலையை முதல் நான்கு நாள்களும் எல்லாரும் வருடத்தான் செய்தார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது அறிதல். அதுவும் ஒருவர் அறிந்ததை அடுத்த பணிமுறைக்கு வருபவரும் அறியும்படி எழுதிவைத்தல்.

இயலாமையுடன் வாழ்பவரே அதைப் பற்றிய முதல் அறிவாளர் என்பது வேலூருக்குப் புதிதன்று. 1954 இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியில்தான் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் 1966 இல் திறக்கப்பட்டது. பேச இயலாத குழந்தைக்கு அந்த முதல் அறிவாளரின் இடத்தில், அவளை நாள்தோறும் கையில் ஏந்துபவர் நிற்கிறார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வார்டில் இருந்த எவரையும்விடச் சரியான வலி மதிப்பீட்டை அவர்தான் செய்தார்.

அதன் தொடர்ச்சியாக ஒரு பக்கத் தாள் ஒன்று தமிழில் எழுதப்பட்டது: ஆம், இல்லை என்பதை எப்படிச் சொல்வாள், வலிக்கு என்ன குறி, எந்தப் பக்கம் படுக்கப் பிடிக்கும், எதற்கு அடங்குவாள், எப்படித் தூக்க வேண்டும். முதலில் அது தலைமாட்டில் ஒட்டப்பட்டது. இரவில் யாரும் அதைப் பார்க்கவில்லை. மருந்து அட்டையின் முதல் பக்கமாகக் கோத்த பின்பே பயன்பாட்டுக்கு வந்தது.

வீடு திரும்புதலும் மறுபரிசோதனையும்

வைட்டமின் டி யும் கால்சியமும் தொடங்கப்பட்டன. ஃபிட்ஸ் மருந்தை மாற்றலாமா என்று நரம்பியல் பிரிவின் கருத்து கேட்கப்பட்டது. கால்களை விலக்காமல், உடலை ஒரே கட்டாகப் பக்கவாட்டில் உருட்டி டயப்பர் மாற்றும் முறையைத் தாயும் ஆயாவும் செய்து காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஏற்கெனவே கிடைத்து வந்தது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் மூளை முடக்குவாதமுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு என்பது குடும்பத்துக்குத் தெரியாது. விண்ணப்பத்தைச் சமூகப் பணியாளர் நிரப்பித் தந்தார்.

ஆறாவது வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது எலும்பு கூடியிருந்தது; ஸ்லாப் எடுக்கப்பட்டது. எடை 15 கிலோவைத் தொட்டிருந்தது. வயிற்றுக் குழாய் குறித்துக் குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு, ஏற்கெனவே அது பொருத்தப்பட்ட குழந்தையின் தாய் ஒருவரை அவர் சம்மதத்துடன் சந்திக்க வைப்பதாக ஏற்பாடு. வார்டில் பேச இயலாத எந்தக் குழந்தை சேர்ந்தாலும் வலிக் குறிகளை முதல் நாளே குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவது இப்போது நடைமுறையில் உள்ளது. பகலில் அது ஒழுங்காக நடக்கிறது. இரவுப் பணிமுறையின் கட்டங்கள் பல நாள்களில் வெறுமையாகவே விடப்படுகின்றன. ஒரே செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும் நேரத்தில் ஐந்து கட்ட அளவுகோலைக் கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், குழந்தைக்கே உரிய ஓரிரு குறிகளை மட்டும் இரவில் பார்த்துக் குறிக்கும் சுருங்கிய வடிவம் ஒன்று சோதிக்கப்பட்டு வருகிறது.